பல் ஆபரேஷன்

“பல்லுல ஆபரேஷன்னா, கட்டில்ல எதுக்குடா மூத்திரப் பை தொங்குது?”

மணமேல்குடியிலிருந்து முதல் பஸ் பிடித்துத் தம்பி பெண்டாட்டியைப் பார்க்க வந்த சின்னப்பிள்ளை, சாத்துக்குடிப் பையைக் கீழே வைக்கும் முன்பே கேட்டுவிட்டாள்.

முந்திரி வியாபாரத்தில் சோலையப்பன் வாயைத் திறந்தால் எதிராளி பேச்சு எடுபடாது. அக்காள் முன்னால் அது பலிக்கவில்லை.

“அது... மயக்க மருந்து குடுத்தாங்கல்ல. அதுக்காக.”

“நாலு நாளாவா மயக்கம்?”

கன்னம் வீங்கிப் படுத்திருந்த திலகவதி கண்ணை மூடிக்கொண்டாள். ‘பத்து நாளைக்கு இவங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது’ என்று நர்ஸ் ஷர்லி கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். பத்து நாள் வீடு அமைதியாக இருக்கும் என்று சோலையப்பன் அன்று உள்ளூர மகிழ்ந்ததும் உண்மை. வருகிறவர்களுக்கெல்லாம் தானே பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று அந்தப் புத்திக்கு உறைக்கவில்லை.

பொம்பளைச் சமாசாரம், வெளியே தெரிந்தால் மானம் போச்சு என்பது அவன் கட்சி. வீங்கிய கன்னம் வசதியாகப் போயிற்று. பல் என்று சொல்லிவிட்டான்.

“எதுத்த வீட்டு உமா கடவாப் பல்லுங்கிறா. அவ புருசன் முன்பல்லுங்கிறான். எத்தனை பல்லைடா புடுங்குனே?” என்ற சின்னப்பிள்ளைக்குச் சட்டென்று முகம் மாறியது. “அடி ஆத்தா! வாயில புத்துநோயா? எங்கிட்டயே மறைக்கிறியா? ஐயோ, என் தம்பி குடும்பத்துக்கா இந்தக் கதி...”

ஒப்பாரிக்குக் குரல் ஏறிவிட்டது. இன்னும் ஒரு நிமிடத்தில் தெருவே கூடிவிடும்.

“கத்தாதக்கா! புத்தும் இல்ல, பல்லும் இல்ல. அவளுக்கு ஒண்ணுக்குப் போற பாதை சுருங்கிப்போச்சு. ரெண்டு தடவை விரிச்சு விட்டாங்க, மறுபடி சுருங்கிருச்சு. உள்ள வெட்டி விட்டாலும் நிக்காதுன்னாங்க. அதான் கன்னத்து உள்தோலை எடுத்து அங்க வச்சுத் தச்சிருக்காங்க. மூணு வருசமாத் தவிச்சா. அசிங்கம், வெளிய சொல்லாதேன்னு அவ வாயை அடைச்சதே நான்தான்!”

சொல்லிவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான்.

சின்னப்பிள்ளை வாசலை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். பிறகு தணிந்த குரலில், “எனக்கும் அஞ்சு வருசமா அப்படித்தான்டா. இன்னைக்கு பஸ் ஏறணுமேன்னு நேத்து மத்தியானமே தண்ணி குடிக்கிறத நிறுத்திட்டேன். ஒன் மச்சான்கிட்ட எப்படிச் சொல்றது? எந்த டாக்டருடா?” என்றாள்.

“நாளைக்கே காட்டலாம் அத்தாச்சி. நம்பரு என் செல்லுல இருக்கு.”

கட்டிலிலிருந்து, கொஞ்சம் குழறலாக, ஆனால் தெளிவாகவே வந்தது குரல்.

சோலையப்பன் பதறிப்போனான். “பேசாதடி! தையல் பிரிஞ்சிரும்! பத்து நாள் ஆகலை!”

“ரெண்டாம் நாளே பேசலாம்னுதாங்க டாக்டர் சொன்னாரு” என்றாள் திலகவதி. “பத்து நாளுன்னு ஒங்ககிட்டச் சொல்லச் சொல்லி, ஷர்லி சிஸ்டரு கையைப் புடிச்சுக் கெஞ்சுனது நான்தான். மூணு வருசமா நீங்க சொல்ல விடாததை, ஒங்க வாயாலயே சொல்ல வைக்கணும்ல!”