சுவரோரத்து நாற்காலி

ப்ரோகிராம் எழுதுவது என் வேலை. ஆபீஸ் மூலையில், சுவருக்கு முதுகைக் காட்டி உட்காருவேன். ஹெட்போனை மாட்டினால் கழற்றமாட்டேன், யாரோடும் பேசமாட்டேன். அப்படியும் ஒரு வேலையும் உருப்படியாக முடிவதில்லை. வீட்டுக்குப் போனால் மனைவி வேறு, "தொண்டை ஏன் இப்படிக் கட்டியிருக்கு? யார்கூட கத்திட்டு வர்றீங்க?" என்பாள். பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் வேலைத்திறனையும் மனநிலையையும் ஆராய ஒரு அம்மா வந்தார். ஒரு வாரம் எதிரே உட்கார்ந்து என்னைக் கவனித்தார்.

"உங்க மேல தப்பில்ல தம்பி. அவர்தான் உங்களை வேலை செய்யவே விடமாட்டேங்கிறார்."

"யாரு மேடம்?"

"பின்னாடி நிக்கிறவர். தோளைத் தொடுறார், நீங்க ஹெட்போனைக் கழட்டிடுறீங்க. 'இதோ முடிச்சிடறேன் சார், இதோ முடிச்சிடறேன்'னு நாள் பூரா சொல்லிட்டே இருக்கீங்க."

"பின்னாடி சுவர்தான் இருக்கு," என்றேன் கடுப்பாக.

அவர் என் தோளுக்கு மேலே பார்த்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் காலையில் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டேன். மேசையையும் என் பக்கம் இழுத்துக்கொண்டேன். முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு காகிதம்கூட நுழையாது. எவன் வருகிறான் பார்க்கலாம் என்று வேலையில் இறங்கினேன்.

மதியம் வயிறு வலித்தது. குனிந்து பார்த்தால், மேசை விளிம்பு வயிற்றில் அழுந்திக்கொண்டிருந்தது. நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் தாராளமாக நிற்கலாம். ஹெட்போன் மேசைமேல் கிடந்தது.

தொண்டை கட்டியிருந்தது.