கூரை வெட்டிய கார்

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரத்துத் தமிழருக்குப் புத்தி சொல்ல ஆள் தேவையென்றால் யேசுரட்ணத்தை யாரும் கூப்பிட வேண்டியதில்லை. அவரே வருவார்.

அந்தச் சனிக்கிழமை அவர் புத்தி சொல்லப் போனது கிறிஸ்துநாயகத்தின் வீட்டுக்கு. துணைக்குத் தவமணி அக்கா. இருவரும் மாதா திருநாள் குழுவின் தூண்கள். ஒருவர் தலைவர். மற்றவர், தலைவருக்கே தெரியாத ஊர்க்கதையெல்லாம் தெரிந்தவர்.

கிறிஸ்துநாயகத்தின் மேல் இருந்த குற்றம் ஒன்றுதான். அவர் வீட்டுக் கராஜில் நின்ற கார்.

தொண்ணூறு வருடப் பழைய ஃபோர்ட் கூபே. இரண்டு பேர்தான் இருக்கலாம். யாரோ ஒரு டெனிஷ் கமக்காரனின் கொட்டிலில், கோழி முட்டையிடுவதற்குப் பயன்பட்டுக்கொண்டிருந்த இரும்பு. அதை வாங்கிக் கொண்டுவந்து வருடக்கணக்காக வேலை நடக்கிறது. மட்காட்டுகளைக் கழற்றியாயிற்று. பொனற் இல்லை, எஞ்சின் வெட்கமில்லாமல் வெளியே தெரிகிறது. போதாததற்குக் கூரையை நாலு விரல் உயரம் வெட்டிப் பதித்து ஒட்டியாயிற்று. இதற்கு ஹொட் ரொட் என்று பெயராம். அந்தக் காலத்து அமெரிக்கப் பெடியள் இப்படித்தான் செய்வார்களாம்.

கூரை இல்லாதவன் கூரை போடுவான், இவர் இருந்த கூரையை வெட்டுகிறார் என்று சனம் சிரித்தது. யேசுரட்ணத்துக்குச் சிரிப்பு வரவில்லை. எந்தக் காரையும் மூன்று வருடத்துக்கு மேல் வைத்திருக்காத மனிதர் அவர். பழசைக் கண்டால் உடம்பு கூசும்.

கராஜ் கதவு திறந்திருந்தது. காருக்குப் பின்னால் நீல ஓவரோலும் முகமூடியும் தடித்த கையுறையுமாக யாரோ குனிந்து வெல்டிங் செய்ய, பொறி பறந்தது.

"கூலிக்கு ஒரு போலந்துக்காரனும் பிடிச்சிருக்கிறார்" என்று தவமணி அக்கா காதுக்குள் சொன்னார்.

கிறிஸ்துநாயகம் வீட்டுக்குள்ளிருந்து ஒரு தட்டில், இறைச்சி வைத்து மடித்துச் சுடச்சுடப் பொரித்த பற்றிஸோடு வந்தார். வந்தவர்கள் மரியாதைக்குக் கொஞ்சம் தயங்கிவிட்டு எடுத்தார்கள். அவர் மனைவி மேரிசெலினின் பற்றிஸ் என்றால் டென்மார்க்கின் பாதிச் சனத்துக்குத் தெரியும். யேசுரட்ணமே போன திருநாளில் ஒலிவாங்கியைப் பிடித்து அந்தக் கைப்பக்குவத்தைப் புகழ்ந்திருக்கிறார்.

"தங்கச்சி மேரிசெலின் எங்கை?" என்றார் யேசுரட்ணம்.

"வேலையா நிக்கிறா, அண்ணை."

"நிப்பா, நிப்பா. தொழிற்சாலையிலையும் முறிஞ்சு, வீட்டிலை அடுப்படியிலையும் முறியிறா. நீர் இஞ்சை இரும்போடை விளையாடும்."

மேரிசெலினுக்குத் தொழிற்சாலையில் என்ன வேலை என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. பெண்களுக்குப் பெட்டி கட்டுகிற வேலைதானே இருக்கும்.

பிறகு வந்த விஷயத்துக்கு வந்தார். இந்த முறை மாதா சொரூபம் தூக்குகிறவர்களில் கிறிஸ்துநாயகமும் ஒருவர். டென்மார்க்குக்கு வந்த காலத்திலிருந்து அவர் கேட்டுக் கேட்டுக் காத்திருந்த இடம். ஆனால் மனைவியை வேலைக்காரியாக்கிவிட்டு இரும்பைக் கட்டி அழுகிற ஒருவர் மாதாவைத் தூக்கினால் சனம் என்ன கதைக்கும்? காரை விற்றால் அவர் பெயர் இருக்கும். இல்லையென்றால் குழு வேறு ஆளைப் பார்க்கும்.

கிறிஸ்துநாயகம் காரைப் பார்த்தார். அதற்குப் பின்னால் குனிந்திருந்த முதுகைப் பார்த்தார். பாவம், முகம் வாடிப்போயிற்று. அந்த இடத்தின் மேல் மனிதருக்கு அவ்வளவு ஆசை.

"அப்ப என்ரை பேரை எடுத்துவிடுங்கோ, அண்ணை. கார் நிக்கட்டும்."

தவமணி அக்கா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். யேசுரட்ணம் இன்னொரு பற்றிஸை எடுத்துக் கடித்தார். புத்தி சொல்வதும் களைப்பான வேலைதான்.

"இப்பிடிக் கைருசியுள்ள மனுசி கிடைச்சும் உமக்கு அருமை தெரியேல்லை. அவவைப் பாத்தாவது திருந்தும்."

வெல்டிங் நின்றது. ஓவரோல் நிமிர்ந்து காரைச் சுற்றி நடந்து வந்தது. கிறிஸ்துநாயகம் வேண்டாம் என்று அவசரமாகத் தலையாட்டினார்.

"விடுங்கோ. இத்தனை வரியமா எனக்காக நீங்கள் ஏச்சு வாங்கினது காணும்."

முகமூடி மேலே போயிற்று. உள்ளே வேர்த்து விறுவிறுத்து, கன்னத்தில் கரியோடு மேரிசெலின்.

யேசுரட்ணத்தின் வாயில் பற்றிஸ் பாதியில் நின்றது.

"கார் பிழையெண்டால் என்னை ஏசுங்கோ, அண்ணை" என்றார் மேரிசெலின். "பற்றிஸ் நல்லமெண்டால், அவரைப் புகழுங்கோ."