மூளி இன்ஜின்

சிரிக்கும் தகர முகத்தைப் பெயர்த்து எடுத்ததும் அவள் கை நின்றுவிட்டது.

இன்ஜினைப் பூங்காவில் நிறுத்தியவர்கள் பிள்ளைகளுக்காக அடித்துவைத்த முகம். அதற்குப் பின்னால், பழைய நீராவி இன்ஜினின் நெற்றியில், ஒரு இரும்பு நட்சத்திரம்.

ஐந்து முனை இருக்க வேண்டும். நான்குதான் இருந்தது.

மூளி.

மானாமதுரை ரயில்வே காலனியில் இதற்கு அந்தப் பெயர்தான். அவள் ஊர் இன்ஜின்.

"அக்கா, எங்கிட்டு இருந்து வெட்ட ஆரம்பிக்கட்டும்?"

இருளப்பன் கேஸ் கட்டரோடு நின்றான். அவளுடைய காயலான் கடையில் இருபது வருஷமாக இரும்பு வெட்டுகிறவன்.

"இரு."

ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. இன்ஜினை ஒரு சுற்று வந்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சுற்றினாள். இதென்ன கோயில் பிரகாரமா என்று தன்னையே வைதுகொண்டாள்.

அம்மா அந்தக் காலனியின் இன்ஜின் ஷெட் வேலி ஓரம் கரி பொறுக்கியவள். இன்ஜின் கொட்டிய சாம்பலில் எரிந்தும் எரியாமலும் கிடக்கும் கரி. அதை விற்றால்தான் வீட்டில் உலை.

ஆயுத பூஜை அன்று மூளிக்கு வாழைமரம் கட்டுவார்கள். ஸ்டாஃப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஷெட்டுக்குள்ளேயே ஒரு நடை போய்வரும். ஒரு வருஷம் அவளும் வேலிக்குள் நுழைந்து வரிசையில் நின்றாள். ஏழு வயது. எல்லாப் பிள்ளைகளும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறினார்கள்.

கழற்ற அவளுக்குச் செருப்பு இல்லை.

முதல் படியில் கால் வைத்தாள். காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, வேலிக்கு வெளியே கொண்டுபோய் இறக்கிவிட்டார். அடிக்கவில்லை. திட்டக்கூட இல்லை. கை நிறையப் பொரி கொடுத்தார்.

அதை அவள் தின்றாள்.

அதுதான் இன்றுவரை ஆறவில்லை.

கிரேன்காரன் பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தான். இன்று இது அவளுடைய இரும்பு. ஏலத்தில் எடுத்துத் தன் யார்டுக்குக் கொண்டுவந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாயங்காலத்துக்குள் துண்டு துண்டாகிவிடும்.

நட்சத்திரத்திலிருந்து ஆரம்பி என்று சொல்ல வாயெடுத்தாள்.

படியருகே போனாள்.

கம்பியைப் பிடித்து ஏறினாள். முழங்கால் வலியில் உயிர் போயிற்று.

மேலே ஒன்றுமே இல்லை. துருப்பிடித்த ஓட்டைகள். எவனோ எவளையோ காதலித்துக் கீறிவைத்த பெயர்கள். ஒரு காலி பாட்டில். இதற்கா இத்தனை வருஷம் பொருமினோம் என்று ஆத்திரமாக வந்தது.

குனிந்து கீழே பார்த்தாள்.

முதல் படிக்குப் பக்கத்தில் அவள் செருப்பு, ஜோடியாக. எப்போது கழற்றினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

இருளப்பனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கேஸ் சிலிண்டரைத் திருகி மூடினான்.

"இருளப்பா, போய் பொரி வாங்கிட்டு வா. கடலையும் போட்டு. நெறய."

"சித்திரை மாசத்துல எதுக்குக்கா பொரி? அப்ப இதை வெட்டலையா?"

அவள் படிக்கு மேலே உட்கார்ந்து இரண்டு காலையும் வெளியே தொங்கப்போட்டாள். யார்டின் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறக்கிவிட யாரும் வரவில்லை.