ஓக் மரத்துக்கு ஒரு முடிவு

ஓடென்ஸ் ஊர் எல்லையில் வீடுகள் கட்டவிருந்த எஸ்பன், காலையில் வந்ததும் திகைத்துப் போனான். நிலத்தை விற்ற பக்கத்து வீட்டு டோர்கில், பொக்லைன் இயந்திரத்தோடு தன்னைச் சங்கிலியால் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சாவியைக் குடுங்க, பெரியவரே! வேலை நடக்க வேண்டாமா?"

"முதல்ல அந்த ஓக் மரத்துக்கு ஒரு முடிவு சொல்லு."

எஸ்பனுக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. தன் காபியை அவர் கையில் கொடுத்தான்.

"கவலையே படாதீங்க. மரத்துக்காக ரோட்டையே வளைச்சுட்டோம். இன்னும் நூறு வருஷம் அது அசையாம நிக்கும்."

டோர்கிலின் முகம் சிவந்தது.

"அடப்பாவி! வருஷா வருஷம் அதோட சருகை என் கூரையிலேர்ந்து நான்தான் வாரிக் கொட்டறேன். நகராட்சி என்னை வெட்ட விடல. வீடு கட்டறவன் எப்படியும் வெட்டிடுவான்னு நம்பித்தானேய்யா உனக்கு நிலத்தையே வித்தேன்!"