ஏழு பேர், நான்கு ஜோடி

நீரில் மூழ்குகிறவர் சத்தம் போடமாட்டார். மூச்சு இழுக்கவே வாய் போதாது, கூப்பிடுவது எங்கே? அதனால்தான் விசில் ஊதியதும் எல்லோரும் இருவர் இருவராகக் கைகோத்து உயர்த்த வேண்டும் என்று அம்சவேணி விதி வைத்திருந்தார். ஜோடியில்லாத கை தெரிந்தால், இன்னொருவர் நீருக்கடியில் இருக்கிறார். நீச்சல் போட்டிகளை விட்டபின் பதினாறு வருடம் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்து பழகியது இது.

இப்போது யாங்கோனில் ஒரு நீச்சல்குளத்தில் ஏழு பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார். ஏழாவது ஆளான காமாட்சிக்கு அவரே ஜோடி. தினமும் படகில் ஆற்றைக் கடந்து போட்டாதாங் பகுதிக்கு வேலைக்கு வருகிற காமாட்சிக்கு அந்த ஆற்றைக் கண்டாலே உதறும். குளத்தில் இறங்கியதுமே சுவரைப் பற்றிக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொள்வாள்.

"இன்னைக்கும் மிதக்கலைன்னா இனிமே வரமாட்டேன், சயாமா," என்று ஆசிரியையிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள்.

"முதல்ல அந்தச் சுவத்தை விடும்மா. அது எங்கயும் ஓடிப்போயிடாது."

அன்று தோள்வலி. அம்சவேணி இறங்காமல் கரையில் நின்றபடி விசில் ஊதினார். காமாட்சியின் கை தனியாக நிற்க வேண்டும். ஆனால் நான்கு ஜோடிகள் உயர்ந்தன. மறுபடி எண்ணினார், நான்குதான். தலைகளை எண்ணினார், ஏழு.

கைகளை இறக்கியதும் காமாட்சி கண்ணைத் திறக்காமலே மெல்ல மல்லாந்தாள். சுவரை விட்டு நகர்ந்தாள். நீரில் நீண்டிருந்த வலது கையின் விரல்கள் எதையோ பற்றியபடி மூடியிருந்தன. குளத்தின் நடுவுக்கே வந்துவிட்டாள்.

"கையை விட்டுடாதீங்க, சயாமா."

இருபதடி தள்ளிக் கரையில் நின்ற அம்சவேணி, குரல் நடுங்காமல் சொன்னார்:

"விடலைம்மா. நீ வா."