ஓடக்காரியின் ஒன்பது விநாடி

அவன் கை மவுஸின்மேல் இருந்தது.

"இங்க மட்டும் ஏன் டல்லடிக்குது?" என்று குணசீலன் கேட்டார்.

குணசீலன் அந்த வீடியோ கேம் கம்பெனியின் முதலாளி. காலை பத்து மணிக்கு எல்லோரையும் உட்காரவைத்து, முடிந்த காட்சிகளைப் பெரிய டிவியில் போட்டுப் பார்ப்பார். டிவியில் ஒரு ஓடக்காரி கழி ஊன்றி ஓடம் தள்ளிக்கொண்டிருந்தாள்.

டல்லடிக்கத்தான் செய்யும். கிழக்குச் சன்னல் வழியாக வெயில் நேராக டிவிமேல் விழுந்துகொண்டிருந்தது. அங்கே திரைச்சீலை மாட்டக் கூடாது. ஈசானிய மூலையை அடைத்தால் தொழில் படுத்துவிடும் என்று வாஸ்து பார்த்தவர் சொல்லியிருந்தார்.

ஆகவே அந்த அறையில் எதைப் போட்டாலும் மங்கலாகத் தெரியும். மங்கலாகத் தெரிந்தால் முதலாளி குளோவை ஏற்றச் சொல்வார். வெளிச்சமான இடங்களைச் சுற்றி ஒளியைக் கசியவிடுகிற எஃபெக்ட் அது. அளவாகப் போட்டால் அழகு.

இங்கே அளவு என்று ஒன்று கிடையாது.

லாந்தர் ஜொலித்தது, சரி. லாந்தர் தொங்கிய கம்பமும் ஜொலித்தது. கயிறு ஜொலித்தது. முந்தின காட்சியில் கூடையில் கிடந்த கருவாட்டுக்குக்கூட ஒளிவட்டம். சாமி படத்திலேயே தலைக்குப் பின்னால் மட்டும்தான் போடுவார்கள்.

அத்தனையையும் ஏற்றியது அவன்தான். லைட்டிங் அவன் வேலை.

ஓடக்காரியின் முகத்தை மட்டும் தொடாமல் வைத்திருந்தான்.

அந்த முகத்தைச் செய்தவள் அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். காசிமேட்டில் மீன் விற்கும் பெண்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து முகம் முகமாகப் பார்த்துவிட்டு வந்து, பதினோரு வாரம் செய்தாள். கன்னத்தில் அம்மைத் தழும்பு. மூக்குத்தியைக் கழற்றி வருஷக்கணக்காகித் தூர்ந்துபோன துளை. உப்புக்காற்றில் வெடித்த உதடு. வாய் திறக்கும்போது ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு மெல்லப் பிரியும்.

விளையாட்டில் அது வருவது ஒன்பது விநாடி.

அந்த ஒன்பது விநாடிதான் அவளிடம் இருந்தது. அவள் முன்பு வேலை செய்த இரண்டு விளையாட்டுகளும் வெளிவராமலே போயின. வெள்ளிக்கிழமையோடு அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது, நீட்டிக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த இடத்தில் செய்ததைக் காட்டு என்பார்கள். ஒரு ஃபைலும் வெளியே போகக் கூடாது என்று இங்கே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். வெளியான விளையாட்டில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் பதிவு செய்து காட்டிக்கொள்ளலாம்.

முந்தின நாள் டீ குடிக்கும்போது அவள் அவனிடம் கேட்டாள்.

"எல்லாத்துலயும் ஏத்திக்கோ. அவ மூஞ்சியை மட்டும் விட்டுடு."

சரி என்றான். மனதாரத்தான் சொன்னான்.

இப்போது முதலாளி பதிலுக்குக் காத்திருந்தார்.

படத்தில் குறையில்லை, வெயில்தான் என்று சொல்லியிருக்கலாம். சன்னலில் ஒரு அட்டையை ஒன்பது விநாடி பிடித்திருந்தால் போதும். அறையில் இருந்த ஏழு பேருக்கும் இது தெரியும். ஏழு பேர் வாயிலும் கொழுக்கட்டை.

மாதக் கடைசியில் லைட்டிங் டீமுக்குத் தலைமையாக ஒரு லீடு போடப்போகிறார்கள் என்று பேச்சு.

அவன் குளோவை ஏற்றினான்.

"இன்னும் கொஞ்சம்."

ஏற்றினான்.

தழும்பு போனது.

மூக்குத் துளை போனது.

முதலாளி தலையைச் சாய்த்துப் பார்த்தார். போதும் என்றும் சொல்லவில்லை, போதாது என்றும் சொல்லவில்லை. அவன் இன்னும் ஒருமுறை ஏற்றினான். அதை யாரும் அவனிடம் கேட்கவில்லை.

உதடும் போனது. வெள்ளையாக ஏதோ ஒன்று ஓடம் தள்ளிக்கொண்டு போனது.

முதலாளி பிரமாதம் என்றார். மற்றவர்களும் பிரமாதம் என்றார்கள்.

அவள் டிவியைப் பார்க்கவில்லை. அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு வெட்கமாக இருந்தது. கையை எடுக்கவும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை கேக் வெட்டி அவளை அனுப்பிவைத்தார்கள். அவனுக்கும் ஒரு துண்டு கொடுத்தாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டான்.

முதலாளியின் மைத்துனர் மகன் லீடு ஆனான்.

விளையாட்டு வெளிவந்தது. ஐந்து மாதம் கழித்து, அவன் மதியச் சாப்பாட்டில் இருக்கும்போது ஒரு போன் வந்தது. பேசிய பெண்மணி சொன்ன கம்பெனி பெயரைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டான். அவன் மூன்று முறை விண்ணப்பித்துப் பதில்கூட வராத இடம்.

முகம் செய்கிற வேலைக்கு ஒரு பெண் வந்திருந்ததாக அந்தப் பெண்மணி சொன்னார். செய்ததைக் காட்டச் சொன்னார்களாம். ஒன்பது விநாடி போட்டுக் காட்டினாளாம். முகத்தில் பார்க்க ஒன்றுமில்லை, ஆனால் அந்த வெளிச்சம் அங்கே எல்லோருக்கும் பிடித்துப்போனதாம். யார் போட்டது என்று கேட்டிருக்கிறார்கள்.

"உங்க பேரும் நம்பரும் அவங்களே எழுதிக் கொடுத்தாங்க. எங்ககிட்ட லைட்டிங் வேலைக்கு வர்றீங்களா?"

அவளை எடுத்துக்கொண்டீர்களா என்று கேட்க வாய்வரை வந்தது.

அந்தப் பக்கம் காத்திருந்தார்கள்.

"எப்ப சேரணும், மேடம்?" என்று கேட்டான்.