வேறொரு நோட்டீஸ்

"அக்கா, இங்கேயும் கிழிச்சுட்டான்."

தம்பி சைக்கிளை விட்டு இறங்காமலே பஸ் நிறுத்தத்துச் சுவரைக் காட்டினான். முந்தின நாள் காலையில் அவர்கள் அப்பாவின் நோட்டீஸை ஒட்டிய இடம் அது. 'எங்கள் தந்தைக்கு வெளிநாட்டில் இதய மாற்று அறுவை சிகிச்சை. இயன்றதைத் தந்து உதவுங்கள்' என்ற வரிகளையும் காணவில்லை, அப்பாவின் படத்தையும் காணவில்லை. அதே இடத்தில், நாலு மூலையும் அழுந்தப் படிய, ஒரு பெண் குழந்தையின் படம் போட்ட நோட்டீஸ் இருந்தது. குழந்தையின் இதயத்தில் ஓட்டையாம். அவர்களும் உதவிதான் கேட்டிருந்தார்கள்.

"மருந்துக் கடை ஓரம், மாவு மில் கதவு, இப்ப இது. நம்மளது இருந்த இடமாப் பாத்துப் பாத்து ஒட்டறான். ஊர்ல வேற சுவரே இல்லையா?"

அக்காவுக்குத் தையல் கடை வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பையிலிருந்து இன்னொரு நோட்டீஸை எடுத்து, குழந்தையின் படத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். மனசு வரவில்லை. பக்கத்தில் கொஞ்சம் இடம் பார்த்து ஒட்டினாள்.

மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்ட வேண்டும் என்று வெளிநாட்டு ஆஸ்பத்திரி எழுதியிருந்தது. இல்லாவிட்டால் அப்பாவின் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அவளுடைய நகையும் தம்பியின் வேனும் போன பிறகு, மிச்சம் இருந்தது ஊராரின் மனசு மட்டும்தான். நோட்டீஸைப் பார்த்துவிட்டு முகம் தெரியாத எத்தனையோ பேர் போன் செய்தார்கள். ஒரு வாரமாக அந்த போனும் குறைந்துவிட்டது.

சாயங்காலம் இருவரும் வீடு திரும்பியபோது, அப்பா முதுகுக்கு மூன்று தலையணை வைத்துக் கட்டிலில் சாய்ந்திருந்தார். காலையில் வைத்துவிட்டுப் போன கஞ்சி பாதி அப்படியே இருந்தது.

"இன்னைக்கு எங்கெங்க ஒட்டினீங்க?" என்றார். தினமும் கேட்கிற கேள்விதான்.

"ஒட்டி என்னப்பா பிரயோஜனம்? காலைல ஒட்டினா சாயந்தரம் காணோம். எவனோ அவன் பொண்ணு படத்த ஒட்டிட்டுப் போறான். கைல கெடைக்கட்டும், இருக்கு அவனுக்கு" என்றான் தம்பி.

"யாரோ கஷ்டப்பட்டவன்டா."

"நாம மட்டும் மாளிகையிலயா இருக்கோம்?"

அப்பா சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்று மூச்சு வாங்கியது. அக்கா ஓடிவந்து நெஞ்சை நீவிவிட்டாள்.

"விட்டுடுங்கம்மா" என்றார், மூச்சு திரும்பியதும். "அவங்களும் சாமிகிட்டதான் கேக்கறாங்க, நாமளும் சாமிகிட்டதான் கேக்கறோம்."

"சாமிகிட்ட கேக்கட்டும்ப்பா, யாரு வேண்டாம்னா? நம்ம சுவத்துல ஏன் கேக்கணும்?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனவள், சட்டியைத் திறந்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"ஏன்டா, நேத்து கிண்டின பசை அதுக்குள்ள தீந்துடுச்சா?"

"நான் தொடவே இல்ல" என்றான் தம்பி. "அத விடு. அந்த நோட்டீஸ்ல விலாசம் போட்டிருக்குக்கா. ரெண்டு தெரு தள்ளிதான். வா, போய்க் கேட்டுட்டு வந்துடலாம்."

"இப்ப வேண்டாம்டா" என்றார் அப்பா அவசரமாக. "எல்லாம் நாளைக்குப் பேசிக்கலாம்."

"உங்களுக்குக் கோபமே வராதாப்பா? இது உங்க உயிரு" என்றாள் அக்கா.

அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா தடுத்தும் கேட்காமல் இருவரும் அப்போதே அந்த விலாசத்தைத் தேடிப் போனார்கள். தகரக் கூரை போட்ட சின்ன வீடு அது. கதவைத் திறந்தவன் ஒரு பெயிண்டர் என்பது அவன் கை நகங்களில் படிந்திருந்த பெயிண்டைப் பார்த்தாலே தெரிந்தது. தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் உதடு லேசாக நீலம் பாய்ந்திருந்ததைப் பார்த்ததும், வழியெல்லாம் கத்திக்கொண்டு வந்த தம்பிக்குக் குரல் தானாக இறங்கியது.

"உதவி கேக்கறது தப்பில்லீங்க. அதுக்காக அடுத்தவங்க வயித்துல அடிக்கலாமா? எங்க அப்பா நோட்டீஸக் கிழிச்சுட்டுத்தான் உங்க பொண்ணு நோட்டீஸ ஒட்டணுமா?"

பெயிண்டர் விழித்தான். "நானா? நான் இந்தத் தெருவத் தாண்டி எங்கயும் ஒட்டலீங்களே. வீட்டுக்காரி வேலைக்குப் போயிடறா. இவள யார்கிட்ட விட்டுட்டு நான் போறது?"

"அப்ப தானா பறந்து வந்து ஒட்டிக்கிச்சா?"

"இருடா" என்று தம்பியை அடக்கிவிட்டு, அக்கா பையிலிருந்து அப்பாவின் நோட்டீஸை எடுத்து நீட்டினாள். "இதுதாங்க எங்க அப்பா. நீங்க இத எங்கயுமே பாக்கலையா?"

பெயிண்டர் படத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். சட்டென்று அவன் முகம் மலர்ந்தது.

"இவரோட பிள்ளைங்களா நீங்க? உள்ள வாங்க, முதல்ல உக்காருங்க. போன வாரம் இவரு இங்க வந்தாரும்மா. வந்ததும் பேசக்கூட முடியல, இந்தப் படியில உக்காந்து ரொம்ப நேரம் மூச்சு வாங்கினாரு. அப்புறம் பாப்பா நோட்டீஸ ஒரு கட்டு கேட்டு வாங்கிக்கிட்டாரு. தனக்குப் பணம் சேந்துடுச்சாம், தன் நோட்டீஸ் ஒட்டின இடமெல்லாம் இனிமே சும்மாதான் இருக்கும், நானே ஒட்டிடறேன்னு சொல்லிட்டுப் போனாரு."